கொத்தவரையும் குழாய்க்கிணறும்

ஆறிப்போன கஞ்சியை அகப்பையால் கலக்கிப் பார்த்திராதவர்கள் நம்மில் இரார். அடுப்பிலிருந்து இறக்கும்போது தண்ணீராய் ஓடிய கஞ்சி, சற்று நேரம் அசையாமல் இருந்தால் ஏடு படிந்து கூழ்போல் கெட்டியாகிவிடும். கலக்கினால் மறுபடியும் இளகி ஓடும். இரண்டு நாள் மறந்துவிட்டாலோ, புளித்து, நுரைத்து, நீர்த்துப் போய்விடும். நாள்தோறும் காணும் இந்த மூன்று குணங்களைப் பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. ஆனால் பூமிக்குள் நூறு மீட்டர் ஆழத்துக்கும், சில ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கும் துளையிடுகிறவர்களுக்கு இவற்றை எண்ணாமல் ஒரு நாளும் கழிவதில்லை. குழாய்க்கிணறு போடும் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில், அந்தக் கஞ்சியின் கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

துளையிடுகிறவனுக்குக் கஞ்சி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். கருங்கல் பூமியில் துளையிடும் வண்டியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி, கல்லை இடித்து, தூளை மேலே ஊதித் தள்ளுகிறார்கள். துளை தானாக நிற்கும். ஏனெனில் சுவர் கல். ஆனால் காவிரிக் கடைமடையைப் போன்ற வண்டல் பூமியில் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கடற்கரையில் விரலால் குழி தோண்டும் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஈரமணலில் தோண்டிய குழி தோண்டத் தோண்டச் சரியும் என்பது. அங்கே காற்று பயன்படாது, திரவம் வேண்டும்.

அத்திரவத்தைக் குழியிலிருந்து இறைத்து, பொள்ளலான தண்டின் வழியே கீழே செலுத்துகிறோம். அது துளைமுனையின் வாயிலாகப் பீறிட்டு வெளிவந்து, தண்டுக்கும் துளைச் சுவருக்கும் இடையிலுள்ள வெளியில் மேலேறி, மறுபடியும் குழியில் வந்து விழுகிறது. இந்தச் சுற்றில் அது செய்யும் வேலைகள் பல. உராய்வினால் சூடேறும் துளைமுனையைக் குளிரச் செய்கிறது. முனை அரைத்த மண்ணையும் கல்லையும் மேலே சுமந்து வருகிறது. தன் எடையினால் சுவரை வெளிப்புறமாகத் தாங்கிச் சரியவிடாமல் காக்கிறது. தண்டுக்கு மேலும் ஒரு தண்டை இணைப்பதற்காக இறைப்பை நிறுத்தும்போது, பாதி வழியில் இருக்கும் துகள்களைக் கீழே விழவிடாமல் அந்தரத்தில் ஏந்தி நிற்கவேண்டியதும் அதன் பொறுப்பே. ஓடும்போது தண்ணீர்போல் இளகியிருக்கவேண்டும். இல்லையேல் பம்பு திணறும். நிற்கும்போது கூழ்போல் இறுகவேண்டும். இல்லையேல் துகள்கள் அடியில் மண்டித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். ஒரே திரவத்திடம் இரண்டு எதிரெதிரான குணங்களைக் கேட்கிறோம்.

இத்தேவைக்கு முதலில் கை கொடுத்தது சேறு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து பியூமான்ட் நகருக்கு அருகே ஸ்பிண்டில்டாப் என்ற மேட்டில் துளையிட்டவர்கள், ஓடுமணலில் சிக்கித் தவித்தபோது, ஒரு குட்டையில் மாடுகளை ஓட்டி உழக்கச் செய்து, அந்தச் சேற்றைத் துளைக்குள் செலுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. 1901 ஜனவரி 10-ஆம் நாள் அங்கே எண்ணெய் பீறிட்டெழுந்தது. நம் நாட்டின் கிழக்குப் பகுதிகளிலும் வங்காள தேசத்திலும் கையால் குழாய் இறக்குகிறவர்கள் சாணத்தைக் கரைத்து ஊற்றிச் சுவரைக் காப்பாற்றுவது வழக்கம். குடிநீர்க் கிணற்றில் சாணம் கலப்பது நல்லதன்று. ஆயினும் அதைக் கண்டுபிடித்தவனுடைய அறிவு சாதாரணமானதன்று.

பிற்காலத்தில் கண்ட சேற்றுக்கு மாற்றாகப் பென்டோனைட் என்ற களிமண் வந்தது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலும், நம் நாட்டில் கட்ச், பார்மேர் பகுதிகளிலும் இது கிடைக்கிறது. தண்ணீரில் போட்டால் பன்மடங்கு உப்பி, கூழாகும். ஆயிரம் லிட்டர் நீருக்கு ஐம்பது அறுபது கிலோ போட்டால் போதும். சுவரில் மெல்லிய தோல்போலப் படிந்து, திரவம் மணலுக்குள் கசிந்து வீணாகாமல் தடுக்கும். கெடாது, புளிக்காது. இவ்வளவு நல்ல பொருளிலும் ஒரு குறை உண்டு என்பதை நான் 1988-இல் ஒரு கிராமத்தில் கற்றுக்கொண்டேன்.

கடலோரக் கிராமம் அது. மேல் மணலில் உப்பு நீர். நூறு மீட்டருக்குக் கீழேயுள்ள மணலில் நல்ல நீர் இருப்பதாக ஆய்வு சொல்லிற்று. அங்குள்ள பெண்கள் இரண்டு மைல் நடந்து குடிநீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பென்டோனைட் கொண்டு துளையிட்டோம். மேல் மணல் சரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சேற்றை நாளுக்கு நாள் கெட்டியாக்கினேன். திரவத்தின் கெட்டித் தன்மையை அளக்க மார்ஷ் புனல் என்ற எளிய கருவி உண்டு. ஹாலன் மார்ஷ் என்ற பொறியியலாளர் 1931-இல் அறிமுகப்படுத்தியது. புனலில் திரவத்தை நிரப்பி, 946 மில்லிலிட்டர் ஒழுக எத்தனை நொடி ஆகிறதென்று பார்க்கவேண்டும். நல்ல தண்ணீர் 26 நொடியில் ஒழுகிவிடும். கிணற்றுச் சேறு நாற்பது நொடிக்கு அக்கம்பக்கம் இருந்தால் பெரும்பாலும் போதும். அந்தப் புனல் எங்கள் பெட்டியிலேயே இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. கையால் அள்ளிப் பார்த்தே திருப்தி அடைந்தேன்.

உறைகுழாயும் சல்லடைக் குழாயும் இறக்கி, மூன்று நாள் கம்ப்ரெசர் வைத்து அடித்தோம். கலங்கிய நீர் சுண்டுவிரல் பருமனுக்கு மேல் வரவில்லை. குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தவர்களில் ஒரு மூதாட்டி என்னிடம் வந்து, "தம்பி, கீழே தண்ணி இருக்கா, இல்லையா? உண்மையைச் சொல்லுப்பா," என்று கேட்டார். இருந்தது. அது வரும் வாயை நான்தான் களிமண்ணால் பூசி அடைத்திருந்தேன். மணலின் கண்ணறைகளுக்குள் புகுந்து இறுகிய களிமண்ணை என்ன அடித்தும் வெளியேற்ற முடியவில்லை. கெடாத பொருளின் குறை அதுதான். வேலை முடிந்த பின்னும் அது இடத்தை விட்டு நீங்குவதில்லை.

அடுத்த துளையைக் கொத்தவரைப் பிசின் கொண்டு போடுவதென்று முடிவு செய்தேன். நாம் பொரியல் செய்து உண்ணும் கொத்தவரங்காயின் முற்றிய விதையைத் தோலும் முளையும் நீக்கி, நடுவிலுள்ள பருப்பை அரைத்தால் கிடைக்கும் வெண்பொடிதான் அது. உலக விளைச்சலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்தியாவில், பெரும்பாலும் ராஜஸ்தானத்து வறண்ட நிலத்தில், விளைகிறது. துணிக்குச் சாயம் அச்சிடுவோரும் இதைப் பயன்படுத்துவதால், அவர்களுக்கு விற்கும் வணிகர் ஒருவரிடமிருந்து சில மூட்டைகள் தருவித்தேன். எங்கள் மேஸ்திரி பொடியை முகர்ந்து பார்த்து, "கொத்தவரங்காயை வச்சா கிணறு போடப்போறோம், ஐயா?" என்று சிரித்தார்.

சிரிக்கவேண்டிய பொருளன்று அது. ஆயிரம் லிட்டர் நீருக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ போதும். களிமண்ணில் ஏழில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய அளவு எப்படி இவ்வளவு நீரைக் கெட்டியாக்குகிறது? இப்பொடியின் ஒவ்வொரு மூலக்கூறும் ஆயிரக்கணக்கான சர்க்கரை அணுத்தொகுதிகள் கண்ணி கண்ணியாகக் கோத்த நெடுஞ்சங்கிலி. மானோஸ் என்ற சர்க்கரை முதுகெலும்பாக நிற்க, ஏறத்தாழ இரண்டு கண்ணிக்கு ஒன்றாகக் கேலக்டோஸ் என்ற சர்க்கரை கிளைவிட்டிருக்கிறது. சர்க்கரைக்கும் நீருக்கும் உள்ள உறவு நாம் அறிந்ததே. சங்கிலி தன்னைச் சுற்றி நீரைப் பிடித்துக்கொண்டு விரிகிறது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. வாய்க்காலில் வைக்கோல் மிதப்பதை எண்ணிப் பாருங்கள். நீர் தேங்கிய இடத்தில் அது குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கி அடைத்துக்கொள்ளும். நீர் வேகமாக ஓடும் இடத்தில் தாள்களெல்லாம் ஓட்டத்தின் போக்கிலே நேராகத் திரும்பி வழுக்கிச் செல்லும். சங்கிலிகளும் அப்படியே. துளைமுனையின் வாயில் விரையும்போது திரவம் இளகுகிறது. சுவரோரம் மெல்ல ஏறும்போது கெட்டியாகிறது. முதலில் நாம் கேட்ட இரண்டு எதிர்க்குணங்களும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

கரைப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும். வெளியே வெந்து உள்ளே மாவாகவே இருக்கும். இப்பொடியும் அவ்வாறே. சுழலும் நீரில் கைப்பிடி கைப்பிடியாகத் தூவவேண்டும். முழுவதும் நீர் குடித்து விரியச் சிறிது நேரம் விடவும் வேண்டும். இந்தக் கலையில் மேஸ்திரி என்னைவிடத் தேர்ந்தவராக இருந்தார். களி கிண்டிப் பழகிய கை அது.

துளை எண்பது மீட்டர் வரை அழகாக இறங்கிற்று. அப்போது பம்பின் எஞ்சின் பழுதாயிற்று. உதிரிப் பாகம் நகரத்திலிருந்து வர இரண்டு நாள் ஆயிற்று. சித்திரை மாத வெயில். மூன்றாம் நாள் காலையில் குழியருகே சென்றபோது புளித்த கஞ்சியின் வாடை மூக்கைத் துளைத்தது. மேலே நுரை. மேஸ்திரி கையை விட்டு அள்ளினார். விரலிடுக்கில் தண்ணீராய் ஒழுகிற்று. இம்முறை புனலை எடுத்து அளந்தேன். 28 நொடி. துளைக்குள் தண்டை இறக்கினோம். ஐம்பது மீட்டரில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே எல்லாம் சரிந்து மூடியிருந்தது.

நடந்தது இதுதான். நுண்கிருமிகளுக்கு இந்தச் சங்கிலி சர்க்கரை, அதாவது விருந்து. அவை சுரக்கும் நொதிகள் நெடுஞ்சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டன. துண்டுகள் பின்னிக்கொள்ள முடியாதவை. ஆகவே கெட்டித் தன்மை மறைந்துவிட்டது. நான் களிமண்ணைப் பார்த்த கண்ணாலேயே கொத்தவரையைப் பார்த்திருந்தேன். ஒன்று மண், மற்றொன்று உணவு. உணவை வெயிலில் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

அன்றிரவு துயரத்தோடு படுத்திருந்தபோதுதான் அந்த எண்ணம் தோன்றிற்று. முதல் கிணற்றில் போக மறுத்த பொருள் நம்மைக் கெடுத்தது. இரண்டாவதில் நிற்க மறுத்த பொருள் கெடுத்தது. நமக்கு வேண்டியது, வேலை முடியும்வரை நின்று, முடிந்த பின் சொன்னால் போகும் பொருள். கொத்தவரை தானாகக் கெடும் பொருள் என்பதால்தான் அதை நாம் விரும்பும்போது கெடச் செய்யவும் முடியும். களிமண்ணுக்கு அந்த வழி இல்லை.

மூன்றாவது துளைக்குப் பதினைந்தடி தள்ளி இடம் பார்த்தோம். பழைய குழியைத் தூர்த்துவிட்டுப் புதுக்குழி வெட்டினோம். பழைய கிருமி புது மாவைப் புளிக்க வைத்துவிடுமல்லவா? பிசின் முழுதும் கரைந்து விரிந்த பிறகு சலவைச் சோடாவைச் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தினோம். காரமான நீரில் கிருமிகளும் நொதிகளும் தளர்ந்துவிடும். சோடாவை முன்னதாகவே போட்டால் பொடி எளிதில் விரியாது, முறை மாறக்கூடாது. இரண்டு மணிக்கு ஒருமுறை புனல் வைத்து அளந்தோம். எஞ்சினுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களை முன்கூட்டியே வாங்கி வைத்தோம். இரவு பகல் முறை போட்டு நிறுத்தாமல் துளைத்தோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். கொத்தவரைக் கரைசல் கெட்டியாக இருக்குமே தவிர, அசையாமல் நிற்கும்போது துகள்களை நெடுநேரம் ஏந்தி நிற்கும் வலு அதற்குக் குறைவு. ஆகவே தண்டு இணைக்க நிறுத்துமுன், துளையில் உள்ள துகள்கள் அனைத்தும் மேலே வந்து சேரும்வரை திரவத்தைச் சுற்றவிடவேண்டும். புனல் இந்தக் குறையைக் காட்டாது. அது ஒழுகும் திரவத்தைத்தான் அளக்கும்; நிற்கும் திரவத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அந்த வலு நிறைந்த வேறொரு பிசினை முட்டைக்கோசின் நோய் ஒன்று உலகுக்குத் தந்தது. கோசின் இலையோரம் மஞ்சளாகி நரம்புகள் கறுத்து அழுகும் நோய் அது. அதை உண்டாக்கும் நுண்கிருமிக்கு ஸாந்தோமோனாஸ் என்று பெயர். அக்கிருமி தன்னைச் சுற்றி வழவழப்பான பிசின் ஒன்றைச் சுரக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்று இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் இருக்கிறது. அங்கே ஆலீன் ஜீன்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் 1950-களில் தொடங்கி இப்பிசினை ஆராய்ந்தனர். 1960-களின் தொடக்கத்தில் இது தொழில்முறையில் உற்பத்தியாகலாயிற்று. சர்க்கரைக் கரைசலில் கிருமியை வளர்த்து, புளிக்க வைத்து, சாராய வகையொன்றைச் சேர்த்துப் பிசினைத் திரித்தெடுத்து உலர்த்துகிறார்கள். ஸாந்தன் எனப்படும் இப்பொருளை 1969-இல் அமெரிக்க அரசு உணவிலும் அனுமதித்தது.

ஸாந்தனின் சங்கிலி, மரத்துக்கு வலுத்தரும் செல்லுலோஸைப் போன்ற முதுகெலும்பு உடையது. ஒன்று விட்டு ஒரு கண்ணியில் மூன்று சர்க்கரை கொண்ட கிளை தொங்குகிறது. கிளைகள் முதுகெலும்பைத் தழுவி நிற்பதால் சங்கிலி விறைப்பான முறுக்குக் கயிறு போலாகிறது. உப்பு நீரானாலும் அது சுருங்கிவிடுவதில்லை. அசையாதபோது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலைபோல் நின்று, கல்துகள்களைத் தாங்குகிறது. ஏறக்குறைய 120 பாகை சென்டிகிரேடு உஷ்ணம் வரை நிலைத்து நிற்கக்கூடியது. கொத்தவரையோ அதற்கு வெகுமுன்னரே தளர்ந்துவிடும். ஆதலால் ஆழமும் உஷ்ணமும் உப்பும் மிக்க எண்ணெய்க் கிணறுகளில் ஸாந்தனுக்கே முதலிடம். அங்கே அது தனியாகச் செல்வதில்லை. திரவம் பாறைக்குள் கசிவதைத் தடுக்க, 1930-களின் இறுதியிலிருந்தே பழக்கத்தில் உள்ள மாச்சத்தை, அதாவது நம் பழைய கஞ்சியின் சாரத்தை, உடன் சேர்க்கிறார்கள். எண்ணெய் பொதிந்த பாறையைத் துளைக்கும்போது களிமண்ணைத் தவிர்த்து, ஸாந்தன், மாச்சத்து, சுண்ணாம்புக்கல் தூள் ஆகிய மூன்றையும் கலப்பதுண்டு. வேலை முடிந்ததும் பிசினையும் மாவையும் நொதியால் சிதைக்கலாம். சுண்ணாம்புக்கல்லை அமிலத்தால் கரைக்கலாம். பாறையின் கண்கள் திறந்துவிடும். எங்கள் கிராமத்துக் கிணறு கற்பித்த பாடமும் கடலடி எண்ணெய்க் கிணற்றின் பாடமும் ஒன்றுதான்.

கொத்தவரைக்கும் எண்ணெய் உலகில் ஒரு காலம் வந்தது. பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எரிவாயு எடுக்கும் முறை அமெரிக்காவில் பரவியபோது, பிளவுக்குள் மணலைச் சுமந்து செல்லும் கூழாகக் கொத்தவரைப் பிசின் தேவைப்பட்டது. வெண்காரம் சேர்த்தால் அது அல்வாப் பதத்துக்கு இறுகும். பின்னர் நொதி சேர்த்தால் இளகி வெளியேறும், மணல் மட்டும் பிளவைத் தாங்கி நிற்கும். 2011, 2012 ஆண்டுகளில் விலை தலைதெறிக்க ஏறி, 2012 மார்ச்சில் கொத்தவரையின் முன்பேர வணிகத்தையே நிறுத்திவைக்க நேர்ந்தது; 2013 மே மாதத்தில்தான் மீண்டும் அனுமதித்தார்கள். இதற்குள் எண்ணெய் நிறுவனங்கள் செயற்கைப் பொருள்களின் பக்கம் திரும்பத் தொடங்கின, விலை சரிந்தது. பாலைவனத்து உழவனின் வாழ்வும் தாழ்வும் பூமியின் மறுபக்கத்துத் துளையொன்றில் தொங்கின என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நம் நாட்டுப் புளியங்கொட்டையின் பிசினும் துளைத் திரவத்துக்கு ஏற்றதா என்று ஆராயப்பட்டு வருகிறது.

எங்கள் மூன்றாவது கிணற்றுக்குத் திரும்புகிறேன். நூற்றிருபது மீட்டரை எட்டினோம். குழாய்களை இறக்கி, சுற்றிலும் கூழாங்கல் இட்டோம். பிறகு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து உள்ளே செலுத்தி, ஓரிரவு விட்டோம். அதிலுள்ள குளோரின் பிசின் சங்கிலியை அறுத்துவிடும். மறுநாள் காலையில் கம்ப்ரெசரை ஓட்டினோம். முதலில் வழவழப்பான நீர். பின் மணலோடு கலங்கிய நீர். பிசினின் எச்சம் உள்ளே தங்கினால் அது கிருமிகளுக்கு உணவாகிக் குடிநீரைக் கெடுக்குமாதலால், அவசரப்படாமல் நாள் முழுவதும் இறைத்தோம். மாலையில் நீர் தெளிந்தது. மறுபடியும் குளோரின் இட்டுக் கழுவி, நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, நலமென்ற விடை வந்த பிறகே கைவிட்டோம்.

முன்பு கேள்வி கேட்ட மூதாட்டி முதல் குடத்தை நிரப்பினார். ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "உப்பு இல்லை," என்று மட்டும் சொன்னார். கொத்தவரையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஏனெனில், அந்த நீரில் அது இல்லை. மேஸ்திரி மட்டும் காலியான மூட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே, "வந்த வேலையை முடிச்சுட்டுப் போயிடுச்சு, ஐயா," என்றார். துளைத் திரவங்களைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் பல. அவற்றின் சாரத்தை இத்தனை சுருக்கமாகச் சொன்னவர் அவர் ஒருவரே.